மிச்ச வரிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்ற அம்மாவைப் பார்த்து, அப்பா "போ" என்றார்.

அப்பா சொன்னார் என்பதுகூட முழுச் சரியில்லை. அவர் மடியில் இருந்த டேப், அந்தத் தொடுதிரைப் பலகை, சொன்னது. அப்பாவுக்குக் குரல் போய் நாலு மாதம் ஆகிறது. அவர் தட்டுவதை வாங்கி உரக்கப் பேசுகிற புரோகிராமை எழுதி அந்த டேப்பில் போட்டுக் கொடுத்தவள் மகள். ஆக, அம்மாவை வீட்டைவிட்டுக் கிளப்பியது அப்பாவும் மகளும் சேர்ந்துதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்குமே அது தெரியாது.

மகளை வீட்டில் பாப்பா என்பார்கள். தொட்டில் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம், முப்பதைத் தாண்டியவள். அலுவலகத்தில் அவள் எழுதிய கணினி நிரல்களைத் தொட மற்றவர்கள் யோசிப்பார்கள், அவ்வளவு சுத்தமாக இருக்கும். அந்தக் கர்வமும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அன்று மத்தியானத்துக்குள் அதில் பாதி கரையத்தான் போகிறது.

அம்மா சமையலறைக்குத் திரும்பி வந்து, பாப்பா குடித்துக்கொண்டிருந்த காப்பியைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். வண்டிக்குச் சொல்லிட்டேன், அரை மணியில வந்துடும்."

"என்னம்மா திடீர்னு?"

"திடீர்னு என்னடி திடீர்னு? ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுதானே இருக்க. சாப்பாடு போட்டா 'வேண்டாம்'. பக்கத்துல உக்காந்தா 'எழுந்திரு'. போன வாரம் எங்க அண்ணன் வந்தாரு. வந்த மனுஷன் செருப்பைக் கழட்டி முழுசா உக்காரல, முகத்துல அடிச்ச மாதிரி 'எப்போ போறீங்க'ன்னு கேக்குறாரு உங்கப்பா. எங்க அண்ணன் காப்பிகூடக் குடிக்காம எழுந்து போனாரு. எனக்குத் தலை நிமிர முடியல."

பாப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து ஒரு "ஆமாம்" கிடைத்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவின் தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார். குரல்பெட்டியை எடுத்துவிடலாம், இல்லையென்றால் மருந்தை வைத்துச் சமாளித்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. அப்பா இரண்டாவது வழிக்குத்தான் சாய்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேருந்து நிலையத்து மைக் அறையில் உட்கார்ந்து அறிவிப்புச் செய்தே வாழ்ந்த மனிதர். ஊரில் பாதிப் பேர் அவரை 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். குரலை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம் என்று அவர் நினைத்திருக்கலாம். பாப்பாதான் ஒற்றைக்காலில் நின்றாள். "குரல் போனா போகட்டும், எனக்கு ஆள் வேணும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுது சாதித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், அவர் இடது காதருகே குனிந்து, "என்மேல வருத்தமாப்பா?" என்று கேட்டாள். அப்பா ஒரு விரலால் வெகுநேரம் தட்டினார். டேப் "ஆமாம்" என்றது. பாப்பா தலையை ஆட்டிவிட்டுப் போய், அலுவலகக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கேட்பது?

இப்போது அம்மாவும் பெட்டியைக் கட்டுகிறாள். தன் பிடிவாதம்தான் அப்பாவை இப்படிக் கசக்க வைத்துவிட்டது, அந்தக் கசப்பில் வீடே இரண்டாகப் போகிறது என்று பாப்பா நினைத்தாள்.

"போறேன்னு சொன்னதும் ஒரு வார்த்தை தடுப்பாருன்னு நெனச்சேன்டி," என்றாள் அம்மா. "எவ்வளவு நேரம் யோசிச்சாரு தெரியுமா? தட்டுறாரு தட்டுறாரு, தட்டிக்கிட்டே இருக்காரு. நானும் மரம் மாதிரி நின்னேன். கடைசியில ஒரே எழுத்து. 'போ'."

அம்மா உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். துணிகள் கட்டில்மேல் விழும் சத்தம் கேட்டது.

பாப்பா காப்பி டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். ஒரே எழுத்து. ஒரு எழுத்தைத் தட்ட அவ்வளவு நேரமா? அப்பாவுக்கு விரல் மெதுவாகத்தான் ஓடும், அதற்காக ஒரு எழுத்தோடு யாராவது அவ்வளவு நேரம் போராடுவார்களா?

அவள் கூடத்துக்கு வந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அப்பாவுக்கு அவள் வந்தது தெரியாது. ஒலிபெருக்கிகளுக்கு நடுவிலேயே காலம் தள்ளியதில் வலது காது சுத்தமாக அவுட், இடது காதில் கத்தினால் கொஞ்சம் ஏறும். காதுக் கருவி வாங்கிக் கொடுத்ததை, இரைச்சல் என்று கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார். அவர் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பாப்பா அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

முதலில் "பாப்பா" என்று தட்டினார். பிறகு, வளைந்த அம்பு போட்ட அந்தப் பெரிய பொத்தானை, என்டர் பொத்தானை, அழுத்தினார். எழுத்துக்குறி அடுத்த வரிக்குப் போனது. "அம்மா பேசாம பெட்டி கட்றா" என்று தட்டினார். மறுபடி என்டர். "நான் சொன்னதுக்கு பதிலே சொல்லல" என்று தட்டினார். மறுபடி என்டர். "கோவமா" என்று முடித்து, திரையின் அடியில் இருந்த 'பேசு' என்பதைத் தொட்டார்.

"பாப்பா," என்றது டேப். அவ்வளவுதான். திரை துடைத்த மாதிரி வெறுமையானது.

அப்பா திருப்தியாக நிமிர்ந்து, மகள் வருகிறாளா என்று சமையலறைப் பக்கம் பார்த்தார்.

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அறைக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்தாள். தான் எழுதிய நிரல்தான், தேட வேண்டிய அவசியமே இல்லை. பேசும் பகுதி ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் வாங்கும். வரி முடிந்தது என்ற அடையாளம் வந்தால், வேலை முடிந்தது என்று வாயை மூடிக்கொள்ளும். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை என்று நிரல் அதைத் துடைத்துவிடும். ஒரு பிழைச் செய்திகூட வராது. எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்ட பாவனைதான்.

எத்தனை தடவை சோதித்தாள்! "வணக்கம், நான் நல்லா இருக்கேன்", "தண்ணி வேணும்", "ஃபேனைக் குறை". எல்லாமே ஒரே வரி. அவளோடு வேலை செய்கிறவர்கள் யாருமே ஒரு செய்திக்கு நடுவில் என்டரைத் தொட மாட்டார்கள். அலுவலக அரட்டைப் பெட்டியில் என்டர் அழுத்தினால் செய்தி போய்விடும், அந்தப் பயம் விரலிலேயே ஊறியிருக்கிறது. ஆனால் அப்பா மைக் அறை ஆள். எந்த அறிவிப்பையும் முதலில் தாளில் எழுதித்தான் படிப்பார், ஒரு மூச்சுக்கு ஒரு வரி. அதிலும் முதல் வரியில் ஒன்றிரண்டு சொல்தான் இருக்கும். கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்கான சொல். விஷயம் எப்போதும் இரண்டாவது வரியில்தான் தொடங்கும்.

ரெண்டு மாதமாக இந்த வீட்டில் அவர் பேசியதில் கூப்பிட்ட சொல் மட்டும் வெளியே வந்தது. விஷயம் முழுவதும் அவள் எழுதிய நிரலின் வயிற்றுக்குள் போனது.

"அய்யோ," என்றாள் பாப்பா. சுத்தமாக எழுதுகிறவளாம்! தன் தலையில் தானே நங்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தாள். கத்தினால் பாதிதான் ஏறும் என்று, திரையில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினாள். 'அப்பா, இது நீங்க எழுதுறதுல மொத வரிய மட்டும்தான் பேசுது. மிச்சம் யாருக்கும் கேக்கல. தப்பு என்னோடது.'

அப்பா ஒருமுறை படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். அவர் விரல் தானாக டேப்புக்குப் போனது. பேசு பொத்தானைத் தொடாமல், தட்டித் தட்டி அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'அப்போ மச்சான்கிட்ட
எப்போ போறீங்க
பஸ் நேரம் பாத்து வைக்கிறேன்னு
சொன்னேனே'

"எப்போ போறீங்க மட்டும்தான்பா," என்று பாப்பா அவர் இடது காதில் கத்தினாள்.

அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறிப் பார்த்தால், மனிதர் சிரிக்கிறார். சத்தமே இல்லாத சிரிப்பு, கண்ணில் நீர் வரும்வரை. பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்த அறைப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்னால் எதைச் சொன்னார், அதில் எது வெளியே வந்திருக்கும் என்று அவருக்கு உறைத்துவிட்டது. எழுந்திருக்கப் போனவரைப் பாப்பா தோளைப் பிடித்து உட்கார வைத்து, இடது காதில் சொன்னாள்.

"இருங்கப்பா. இப்ப போய் என்ன சொன்னாலும் அம்மா நம்ப மாட்டாங்க. நீங்கதான் பேசணும். அஞ்சே நிமிஷம்."

அறைக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, வண்டி வந்தா நிக்கச் சொல்லு, டேப்ல ஒரு ரிப்பேர்," என்றாள்.

"டேப்புக்கு என்னடி? நல்லாத்தான் பேசுது," என்றாள் அம்மா, புடவையை மடித்தபடி.

வேலை சின்னதுதான். எழுதியதில் வரி உடைகிற இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே வேறு ஒன்றை வைத்துவிட்டால் எல்லாம் ஒரே நீளமான வரியாகிவிடும். பேசும் பகுதி முழுதையும் வாங்கிக்கொள்ளும். பாப்பா அவசரத்தில் வரி முறிவுகளை வெறுமனே நீக்கிவிட்டாள். டேப்பைக் கம்பியில் மடிக்கணினியோடு இணைத்து, புதிய நிரலை ஏற்றி, "எதையாவது தட்டுங்கப்பா" என்று சைகை காட்டினாள். அப்பாவுக்கு விரல் நுனியில் எப்போதும் இருப்பது ஒன்றுதானே. மனப்பாடமாக இருந்த ஒரு பழைய அறிவிப்பைத் தட்டிப் பேசு என்றார்.

"கவனிக்கவும்எட்டாம்நடைமேடையில்நிற்கும்வண்டிபத்து..." சொல்லும் சொல்லும் முட்டி மோதிக்கொண்டு, டேப் வாயில் எதையோ அடக்கிக்கொண்ட மாதிரி உளறியது.

"என்னடி அது?" என்றது உள்ளிருந்து குரல்.

பாப்பா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முறிவு இருந்த இடத்தில் ஒரு இடைவெளி வைக்கச் சொல்லி மாற்றினாள். அப்பா மறுபடி தட்டினார்.

"கவனிக்கவும் எட்டாம் நடைமேடையில் நிற்கும் வண்டி," என்றது டேப் தெளிவாக. என்றுவிட்டு நின்றுவிட்டது.

கை அவசரம். 'மாற்று' என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்தக் கட்டளை சரியான சோம்பேறி, கண்ணில் பட்ட முதல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடும். 'எல்லாவற்றையும்' என்று சொன்னால்தான் மிச்சத்தையும் தேடும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் பாடம் நடத்துகிறவளே அவள்தான்.

அவள் திருத்தக் குனிந்தபோது அறைவாசலில் நிழல் விழுந்தது. அம்மா நின்றிருந்தாள், கையில் பாதி மடித்த துணியோடு.

"நிக்கிற வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"என்னம்மா?"

"எட்டாம் நடைமேடையில நிக்கிற வண்டி பத்து நிமிஷம் தாமதமா புறப்படும், பயணிகள் பொறுத்தருளவும். அது வரைக்கும் சொல்லணும்ல? நான் வேலைக்குப் போன வண்டிடி அது. கல்யாணத்துக்கு முன்னாடி தினம் காலையில இதைக் கேட்டுக்கிட்டு நின்னவ நான். இவர் என்னிக்கும் பாதியில நிறுத்தினதே இல்ல. மிச்சம் எங்க?"

கேட்டுவிட்டு அம்மா தானே பேச்சை நிறுத்தினாள். டேப்பைப் பார்த்தாள். அப்பாவின் விரலைப் பார்த்தாள். பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த துணி மெல்ல இறங்கியது.

"பாப்பா," என்றாள் அம்மா, ரொம்ப மெதுவாக. "மிச்சம் எங்கடி?"

"நான்தான்மா முழுங்கிட்டேன். மொத வரியத் தவிர எல்லாத்தையும். ரெண்டு மாசமா. அவர் ஒவ்வொரு தடவையும் முழுசாத்தான் பேசிருக்கார்."

அம்மா அப்படியே கதவு நிலையில் சாய்ந்தாள். "வேண்டாம்" என்பதற்குப் பின்னால் என்ன இருந்திருக்கும், "எழுந்திரு" என்பதற்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று அவள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்த் தேடுவது முகத்திலேயே தெரிந்தது.

பாப்பா 'எல்லாவற்றையும்' என்று சேர்த்து ஏற்றினாள். அப்பா சலிக்காமல் மூன்றாம் முறையும் தட்டினார். இந்த முறை டேப் முழுதாகச் சொன்னது. ஆனால் நாய் துரத்த ஓடி வந்தவன் சேதி சொல்கிற மாதிரி, ஒரே மூச்சில் கொட்டி முடித்தது.

"இது அவர் இல்ல," என்றாள் அம்மா. இப்போது அவள் வந்து பாப்பாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நிறுத்துவார்டி. அந்த நேரத்துலதான் கூட்டம் தலையத் தூக்கும்."

பாப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா என்டர் அழுத்துவது வரியை முடிக்க இல்லை, மூச்சு விட. அதை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் இடைவெளி வைத்தால் எப்படிச் சரியாகும்? முறிவு இருந்த ஒவ்வொரு இடத்திலும் அரை நொடி மௌனம் வைத்தாள். ஏற்றினாள்.

"கவனிக்கவும்," என்றது டேப். நின்றது. "எட்டாம் நடைமேடையில் நிற்கும் வண்டி." நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். "இன்னும் கொஞ்சூண்டு கூட்டு," என்றாள். பாப்பா கூட்டினாள்.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பாவின் இடது பக்கமாக நகர்ந்து, காதில் வாயை வைத்து, "காலையில என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். "முழுசா சொல்லுங்க."

எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது அவர் வேலையில் சட்டம். முதல் முறை காதில் விழாதவர்களுக்காகத்தான் இரண்டாம் முறை. அப்பா முகம் சுளிக்காமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தட்டத் தொடங்கினார். தாயும் மகளும் திரையை எட்டிப் பார்க்கவில்லை, காத்திருந்தார்கள்.

"போ," என்றது டேப்.

அம்மாவின் கை பாப்பாவின் மணிக்கட்டைப் பற்றியது.

"போயிட்டு சீக்கிரம் வா. பத்து மணி பஸ்ல கூட்டம் இருக்கும். ஜன்னலோரமா கேட்டு உட்காரு. உன்கிட்ட நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியல. எதுவா இருந்தாலும் மன்னிச்சிடு. என் காதுல கேக்குறது உன் குரல் ஒண்ணுதான். நீ போயிட்டா இந்த வீட்டுல எனக்கு ஒண்ணுமே கேக்காது."

அம்மா அழுதாள். வாயைப் பொத்தாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். பிறகு அப்பாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இதைத் தாள்ல எழுதிக் குடுத்தா என்னவாம்!" என்று அவர் காதில் கத்தினாள். அவருக்கு எப்படித் தெரியும் என்று மறுநொடியே தோன்றியிருக்க வேண்டும், அடித்த இடத்தைத் தானே தடவிக் கொடுத்தாள்.

மறுபடி ஹாரன் அடித்தது.

"வண்டியை அனுப்பிடவாம்மா?" என்றாள் பாப்பா.

"எதுக்கு? போகத்தான் போறேன். இவரும் வரட்டும். எங்க அண்ணன்கிட்ட பாதி கேள்வி கேட்டு வெச்சிருக்காருல்ல, மிச்சத்தை நேர்ல வந்து சொல்லட்டும்." அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நல்ல சட்டை ஒண்ணும் மடிப்புக் கலையாம இருக்காது. வண்டிக்காரர்கிட்ட அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லு."

பாப்பா வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தபோது, அப்பா அவளுக்காகக் காத்திருந்த மாதிரி நிமிர்ந்து பார்த்தார். உள்ளே இஸ்திரிப்பெட்டி சூடாகும் மணம் வந்தது. பாப்பா முக்காலியில் உட்கார்ந்து கம்பியைச் சுருட்டினாள். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

குனிந்து, அவர் இடது காதில், "அன்னிக்கு என்மேல வருத்தமான்னு கேட்டேனேப்பா," என்றாள். "ஆமாம்னு சொன்னீங்க."

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். அந்த 'ஆமாம்' மட்டும் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இந்தப் பெண் நடமாடியிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு கையால் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, டேப்பை இழுத்து வைத்துக்கொண்டார். தட்டினார், என்டர், தட்டினார், என்டர். அவ்வளவு நேரமும் பாப்பா அந்த வளைந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்," என்றது டேப். ஒரு மூச்சு நின்றது.

"வருத்தம்தான். குரல் போனா யாருக்கும் வருத்தமா இருக்கும். ஆனா நீ அன்னிக்குப் பிடிவாதம் பிடிக்கலேன்னா, வருத்தப்படறதுக்கு நான் இருந்திருக்க மாட்டேன். வேலைக்கு நேரமாச்சு. சாப்பிட்டுப் போ."

அன்றைக்குச் சொன்னதை ஒரு சொல் மாறாமல் இரண்டாம் முறை சொல்லியிருக்கிறார், வேலைக்கு நேரமானது உட்பட.

பாப்பா அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு அவர் இடது காதருகே போய், முடிந்த மட்டும் உரக்கச் சொன்னாள்.

"கேட்டுச்சுப்பா."

வாசலில் வண்டிக்காரர் பொறுமை இழந்து நீளமாக ஹாரன் அடித்தார். அம்மா சூடான சட்டையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாவுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. நிதானமாக டேப்பை அணைத்துப் பையில் வைத்தார்.